இருநூறு கிராம் குறைந்த டயர்

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபத்தாறு வருடம் எஸ்டிமேட் போட்டவனுக்கு எடை என்பது ஒரு வியாதி. நாமக்கல்லில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பாடி எவ்வளவு வெயிட் வருமுங்க?" என்பதுதான். பாடியில் ஒரு கிலோ குறைந்தால் சரக்கில் ஒரு கிலோ கூடும். பலகையின் கனத்தைக் குறைப்பது, குறுக்குச் சட்டத்தில் ஒன்றைக் கழிப்பது என்று நானும் காலம் பூராவும் அதையே செய்துவந்தேன். இந்தப் புத்தியோடு ஒருவன் ஐம்பது வயதில் மலை சைக்கிள் ஓட்டப் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சைக்கிள் வாங்கியது ஆசைப்பட்டு இல்லை. சர்க்கரை வந்துவிட்டது, உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். என் மனைவியின் அண்ணன் எங்கள் ஊரிலேயே, நாமகிரிப்பேட்டையிலேயே, ஒரு ஜவ்வரிசி மில்லில் சூப்பர்வைசர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர்தான் வந்து சொன்னார். "நடக்கச் சொன்னா நீங்க நடக்க மாட்டீங்க மாப்ள. சைக்கிள் எடுக்கலாமுங்க. தொணைக்கு நானும் வாரேன்."

இரண்டு பேரும் பழைய மலை சைக்கிள் ஆளுக்கொன்று வாங்கினோம். வாரத்தில் நான்கு நாள், விடிந்ததும் கிளம்பி, மஞ்சள் காட்டையும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் காட்டையும் தாண்டி, மண் தடத்தில் கரடு வரைக்கும் போவோம். கரடு என்றால் மலை இல்லை, பாறையும் புதருமாக ஒரு மேடு. அதன் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, குளித்து, நான் நாமக்கல் பஸ்ஸைப் பிடிப்பேன். முதல் வருடம் நன்றாகவே போனது. சில நாள் அவரை முந்திக்கூடப் போயிருக்கிறேன்.

போன மழைக்காலம் முடிந்த பிறகு நான் பின்தங்க ஆரம்பித்தேன். முதலில் பத்தடி, பிறகு ஒரு காடு தூரம். கரட்டு ஏற்றத்தில் மூச்சு இரைத்தது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும், நின்றால் சரியாகிவிடும். நின்றால் சரியாகிவிடுகிறதே, பிறகென்ன என்று நினைத்துக்கொண்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் அவர் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும். வீட்டில் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிகிறார் என்று ஒரு பேச்சு கிளம்ப வேண்டாம் என்று இருந்தது. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் திமிர். என்னைவிட மூத்த மனுஷன் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிற மேட்டில் எனக்கு முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதனால் பழியைச் சைக்கிள் மேல் போட்டேன். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சைக்கிள் கடை. அங்கே போய், வண்டி கனமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு டயரை மடித்து என் கையில் வைத்தார். துண்டை மடிப்பதுபோல் மடிந்தது. "உங்களோடதைவிட ஒரு டயருக்கு இருநூறு கிராம் கம்மிங்க சார். சுத்தற எடத்துல கொறையற வெயிட்டு, கால்ல நல்லாத் தெரியும்" என்றார். என்னிடமே நான் எஸ்டிமேட் கேட்கப் போனதுபோல் இருந்தது. உடனே வாங்கிவிட்டேன்.

ஆசை அடங்காமல் மறுநாள் சைக்கிளைப் பட்டறைக்குப் பக்கத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். லாரி நிறுக்கிற மேடை. பத்து கிலோ என்று காட்டியது. பழைய டயரோடும் ஒரு தடவை அங்கே ஏற்றியிருந்தேன். அப்போதும் பத்து கிலோதான். மேடை ஆள் சிரித்தார். "பத்துப் பத்துக் கிலோவாத்தாங்க காட்டும். ஊட்டுல காய் நிறுக்கற தராசு இருந்தா அதுல வைங்க." நான் சிரிக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, முதல் வாரம் வண்டி பறந்தது. மிதித்தால் உடனே எழுந்து போனது. மூச்சிரைப்பு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவது வாரம் முள் ஆரம்பித்தது. எங்கள் தடத்தில் இரண்டு பக்கமும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி கட்டியிருப்பார்கள். நடுவில் நெருஞ்சி படர்ந்திருக்கும். பழைய டயருக்கு அதெல்லாம் தூசி. இந்த டயரோ வெங்காயத் தோல். மூன்று நாளைக்கு ஒரு பஞ்சர், சில நாள் ஒரே காலையில் இரண்டு. பட்டறையில் நான் கனம் குறைத்துக் கொடுத்த பலகைகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. எத்தனை பேர் எங்கெங்கே நின்று என்னைத் திட்டியிருப்பார்களோ.

பஞ்சர் ஒட்டுவது மச்சான் வேலை. என் கைக்கு அது வராது. அவர் தோளில் கிடக்கிற துண்டை மண்ணில் விரிப்பார். என்னை அதில் உட்காரச் சொல்வார். டயரைக் கழற்றி, டியூபைப் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்ப்பார். உப்புத்தாளால் தேய்ப்பார். ஊதுவார். மறுபடி தேய்ப்பார். சொல்யூசன் தடவி, காயட்டும் என்று வைத்துவிட்டு மில் கதையை ஆரம்பிப்பார். கிழங்கு வரத்து, ஆள் பற்றாக்குறை, மாவுத் தொட்டியில் விழுந்த பூனை. ரோட்டோரக் கடையில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இவர் அரை மணி நேரம் எடுப்பார். மில்லில் ஓடிக்கொண்டிருக்கிற சல்லடையில் பெல்ட் மாட்டுகிற கை அது. சைக்கிள் டியூபிடம் வந்தால் மட்டும் கல்யாண வீட்டுக்கு ஜோடிப்பதுபோல் நிதானம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க மச்சான்" என்று எரிந்து விழுவேன்.

"காயாம ஒட்டுனா நிக்காதுங்க மாப்ள. உக்காருங்க" என்பார்.

எரிச்சல் உண்மைதான். ஆனால் அந்தத் துண்டில் உட்காரும்போது நெஞ்சின் மேல் இருந்த கை மெல்ல எடுபடும். மூச்சு இறங்கும். கண்ணை மூடிக்கொள்வேன். கொஞ்ச நாளில் எனக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. கரட்டு அடிவாரம் நெருங்க நெருங்க, இன்றைக்கு இன்னும் முள் குத்தவில்லையே என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன். தடத்தின் நடுவை விட்டு ஓரமாக, வேலியை ஒட்டி ஓட்டினேன். இருநூறு கிராம் குறைவுக்காக வாங்கிய டயரை, அது ஓட்டை ஆகும் என்பதற்காகவே வைத்திருந்தேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

பங்குனி வெயில் ஏறியபோது மச்சான் ஒரு யோசனை சொன்னார். பைக் டியூபுக்குள் பஞ்சர் அடைக்க ஊற்றுகிற மருந்து கடையில் கிடைக்கும், எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அது பிடிக்கவில்லை. "அதெதுக்குங்க? நம்ம மில்லு மாவைக் காய்ச்சி ஊத்துனாப் போதும். தறிக்காரங்க பாவு நூலுக்குக் கஞ்சி போடறதில்லைங்களா? நூலையே புடிச்சு நிறுத்தற பசை, காத்தைப் புடிக்காதா?"

சேலம், நாமக்கல்லைத் தவிர வேறு எந்த ஊரில் இந்த யோசனை ஒருவருக்கு வரும் என்று தெரியவில்லை. மறுத்தேன். அவர் கேட்கவில்லை. வழக்கமாக விட்டுக்கொடுத்துப் போகிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். குச்சிக்கிழங்கு மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி, வால்வைக் கழற்றி இரண்டு டியூபிலும் ஏற்றினார். ஒரு சக்கரத்துக்கு ஒரு சொம்பு போனது. குறைத்த இருநூறு கிராமும் அங்கேயே திரும்பி வந்துவிட்டது, வட்டியோடு.

நான்கு நாள் பஞ்சர் இல்லை. மச்சான் முகத்தில் பெருமை. ஐந்தாம் நாள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் தொம் தொம் என்று குதித்தது. நிறுத்தி வைத்த இடத்தில் கஞ்சி அடியில் இறங்கிக் கட்டியாகிவிட்டது. ஏழாம் நாள் காலையில் பார்த்தால் சுவரிலிருந்து சக்கரத்துக்கு எறும்பு சாரி போட்டிருக்கிறது. ஒன்பதாம் நாள் காற்றுப் பார்க்கலாம் என்று வால்வை அழுத்தினேன். புளித்த கஞ்சி என் மூஞ்சியில், சட்டையில், அப்போதுதான் குளித்த தலையில். அந்த நாற்றம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையை ராசிபுரம் வரைக்கும் காலியாகவே வைத்திருந்தது. மனைவி ஒரு வாரம் சிரித்தாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கி எழுவதற்குள் மச்சான் வந்து, என்னைக் கேட்காமலே இரண்டு டயரையும் கழற்றிப் போட்டிருந்தார். அந்த இடத்தில் கெட்டி டயர், கனமான டியூப். பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்கள் போடுகிற சாதி. கல்லைக் கடித்தாலும் ஒன்றும் ஆகாது.

"வண்டி எருமையாட்டம் ஆயிருச்சேங்க" என்றேன்.

"இருக்கட்டுமுங்க. இனி நிக்காமப் போலாம்" என்றார். சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு பஞ்சர் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒன்றுமே இல்லை. வேலி ஓரமாக ஓட்டினேன். முள் மேலேயே ஏற்றினேன். டயர் அதை மிதித்துவிட்டுப் போனது. உட்கார இடமில்லாமல் போய்விட்டது. அலாரம் அடிக்கும்போதே உடம்பெல்லாம் சலிப்பு. வேலைக்குப் போய் மேஜையில் தலை வைத்துக் கிடப்பேன். இரண்டு மாடி ஏறி டிராயிங் ரூமுக்குப் போக வேண்டியிருந்தால், கீழிருந்தே போன் பண்ணிப் படத்தைக் கொண்டுவரச் சொல்வேன். வாழ்க்கையில் அவ்வளவு களைப்பாக நான் இருந்ததில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலை, கரட்டு ஏற்றத்தின் பாதியில் அந்தக் கை நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இந்த முறை இடது தோளுக்கும் போனது. இறங்கிவிட்டேன். மச்சான் மேலே போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். குனிந்து பின் சக்கரத்தைக் கட்டை விரலால் அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. ஆனாலும் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் திரும்பி வந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். அவரும் டயரை அமுக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்னாச்சுங்க மாப்ள?"

காற்று இறங்குகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் விரல் இன்னும் டயரின் மேலேயே இருந்தது. அந்த விரலுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"காத்து இருக்குதுங்க மச்சான். எனக்குத்தான் முடியலைங்க. நெஞ்சை அடைக்குது."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது ஆள், கரட்டுப் பாறையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக அழுதேன். அவர் துண்டை விரித்து என்னைப் படுக்க வைத்தார். மில்லுக்குப் போன் போட்டு டெம்போவை வரச் சொன்னார்.

ஜவ்வரிசி மூட்டைகளை இறக்கக்கூட நேரமில்லாமல் வந்த டெம்போ அது. மூட்டைக்கு நடுவில் என்னைச் சாய்த்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். டெம்போ ராசிபுரம் தாண்டியது. பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"தை மாசத்துலயே தெரியுமுங்க. பஞ்சர் போடறப்ப உங்க மூச்சு எறங்க எவ்வளவு நேரமாவுதுன்னு பார்த்துக்கிட்டேதான் ஒட்டுவேன். மொதல்ல பத்து நிமிசம். அப்பறம் இருவது. கேட்டா என்ற மேல எரிஞ்சு உழுவீங்க, அப்பறம் வரவே மாட்டீங்க. பஞ்சர் நின்னுபோனாத்தான் வாயைத் தொறப்பீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தானுங்க கஞ்சியும், டயரும்." என் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தபடி, "கொஞ்சம் முன்னாலயே உங்களைச் சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கோணும். தப்பு பண்ணிட்டேனுங்க" என்றார்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். அன்றே சரிசெய்தார்கள். மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வரன் வீட்டார் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பயந்து மறைத்து வைத்த விஷயத்துக்கு அவர்கள் முகம்கூடச் சுளிக்கவில்லை.

ஐந்து மாதம் ஆகிறது. டாக்டர் மெதுவாக ஓட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். லேசான டயர்கள் இரண்டும் கொட்டகை ஆணியில் தொங்குகின்றன; கஞ்சி நாற்றம் இன்னும் போகவில்லை. எருமை டயரிலேயே கரட்டு அடிவாரம் வரைக்கும் போகிறோம், மேலே இல்லை. முந்தாநாள் பாதி வழியில் எனக்குக் களைத்தது. வழக்கம்போல் கை பின் சக்கரத்துக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"மச்சான், உக்காரலாமுங்க. முடியல."

அவர் வண்டியை நிறுத்தி, துண்டை விரித்தார். மாவுத் தொட்டிப் பூனைக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான்கு சக்கரத்திலும் காற்று நிறைய இருந்தது.