வெள்ளியங்கிரியில் நான் கொடுத்த குரல்

யுவ வருஷத்துச் சித்திரையில் எங்கள் மில் ஆட்கள் பன்னிரண்டு பேர் பூண்டி வரை மாட்டு வண்டியில் போய் வெள்ளியங்கிரி ஏறினோம். என் மனைவியின் அண்ணனும் கூட வந்தார். யானை நடமாடும் மலை என்பதால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முன்னால் போகிறவர் "அரகரா" என்று கூப்பிட்டால் கடைசி ஆள் பதில் குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால் எல்லோரும் வருகிறார்கள் என்று அர்த்தம். இறங்கும்போது கடைசி ஆள் நான்.

மூன்றாம் மலையில் பனி மூடியிருந்தது. வழியில் யானை லத்தி சூடாகக் கிடந்தது. எனக்கு முன்னால் நடந்த மச்சான் தண்ணீர் குடிக்கச் சுனைப் பக்கம் ஒதுங்கினார். நான் நின்றிருக்க வேண்டும். பயத்தில் ஓடிப்போய்க் கூட்டத்தின் நடுவில் புகுந்துகொண்டேன். அதன் பிறகும் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் கூசாமல் குரல் கொடுத்தேன்.

அடிவாரத்தில்தான் அவர் வராதது தெரிந்தது. திரும்ப ஏறினோம். சுனையருகே வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்தார்.

"கால் பிசகிப்போச்சுங்க. மாப்பிள்ளை பின்னால வருவாருன்னு தெம்பா உக்காந்திருந்தேனுங்க" என்றார்.

"பனியில உங்களைப் பாக்காம தாண்டிட்டேனுங்க மச்சான்" என்றேன். அவர் நம்பிவிட்டார்.

இப்போதெல்லாம் கடைசி இடத்தை நானே கேட்டு வாங்குகிறேன். ஒருவர் ஒதுங்கினால், வரும்வரை நிற்கிறேன்.

மச்சானுக்குப் படிக்கத் தெரியாது. இது வெளிவரும் இந்தப் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். இந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்.