நித்திரையை நான் பேய் எண்டு நினைச்சன்

என்ட மகள் எஸ்தருக்குப் பத்தொன்பது வயசு. இரண்டு வருசமா இருந்த இடத்தில நித்திரை. சோத்துக் கோப்பைக்கு முன்னால நித்திரை. சபையில பாஸ்டர் வேதத்தைத் திறக்க முதல் நித்திரை. உடம்பும் ஊதிட்டு. மாதவிடாய் மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்காத்தான். அதை நான் ஆருக்கும் சொல்லல்ல. கலியாணம் பேசுற வயசு.

ராவில குறட்டை. நடுவில மூச்சு நிண்டுரும். பிறகு ஆரோ கழுத்தை நெரிச்சு விட்ட மாதிரி இழுப்பாள். நான் பேய் எண்டு நினைச்சன். தலையில கை வெச்சு, இயேசுவின் நாமத்தில போ எண்டு அதட்டுவன். அவள் முழிச்சு என்னைப் பாப்பாள். திரும்பிப் படுப்பாள்.

சபையில ஒரு சகோதரி கேட்டா, "அக்கா, உங்கட மகள் இங்க படுக்கவா வாறா?"

எல்லாரும் சிரிச்சாங்க. "அடுத்த கிழமை தலகணியோட வாறன் மாமி" எண்டாள் எஸ்தர். எனக்கு வெக்கம். நித்திரை ஆவியைத் துரத்த வெள்ளிக்கிழமை தோறும் அவளை முழு இரவு ஜெபத்துக்கு இழுத்துப் போனன். உபவாசமும் போட்டன். ஆறு கிழமை.

கடைசி ஜெபம் முடிஞ்ச காலமை, நேரா வாவிக்குப் போனம், நண்டு வலை எடுக்க. புருசன் இல்லாத வீடு. தோணிதான் பிழைப்பு. நான் முன்னால வலை இழுக்கிறன். அவள் பின்னால நிண்டு கம்பு ஊண்டுறாள்.

"புள்ள, கரைப் பக்கம் திருப்பு" எண்டன். தோணி திரும்பல்ல. திரும்பிப் பாத்தன். கம்பு மட்டும் சேத்தில நிக்குது.

குதிச்சன். நெஞ்சளவு தண்ணி. கலங்கல். கையால தடவினன். வலை, பாசி, சேறு. ஆள் இல்ல.

"ஆண்டவரே, அவள் எவ்வளவு நித்திரை எண்டாலும் கொள்ளட்டும். பிள்ளையத் தா." அவ்வளவுதான் கேட்டன்.

கையில தலைமயிர் பட்டுது. வலைக்கயிறு காலைச் சுத்தியிருந்தது. இழுத்துத் தோணியில போட்டன். வாயால தண்ணி வந்துது. பிறகு மூச்சு வந்துது.

ஆஸ்பத்திரியில டொக்டர் அம்மா அவளிட்ட, எப்படித் தண்ணியில விழுந்தாய் எண்டு கேட்டா. "நித்திரையாப் போயிட்டன்" எண்டாள் எஸ்தர். டொக்டர் என்னட்டத் திரும்பினா. "ராவில மூச்சு நிக்குதா? மாதவிடாய் ஒழுங்கா வருதா?"

 மறைச்சதெல்லாம் சொன்னன். அதட்டினதையும் சொன்னன்.

சோதிச்சாங்க. சூலகத்தில நீர்க்கட்டி. பிசிஓஎஸ் எண்டாங்க. அந்த வருத்தம் உள்ள பொம்பிளைப் பிள்ளையள் கனபேருக்கு நித்திரையும் கெடுமாம். இவளுக்குப் படுத்தா தொண்டை அடைச்சு மூச்சு நிக்குதாம்.

"இவ சோம்பேறி இல்ல அம்மா. இரண்டு வருசமா ஒழுங்கா நித்திரையே கொள்ளல்ல" எண்டா டொக்டர்.

நான் அந்த ஆறு வெள்ளிக்கிழமையை நினைச்சன்.

இப்ப குளிசை குடிக்கிறாள். நடக்கிறாள். படுக்கக்குள்ள மூச்சு நிக்காம இருக்க மூக்கில மெசின் பூட்டுறாள். வருத்தம் முழுக்கப் போகல்ல. ஆனா ஒரு நாள் எனக்கு முதல் எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அண்டைக்குத்தான் அழுதன்.

தண்ணிக்குள்ள என்ட கையை அவளிட்டக் கொண்டு போனவர் கர்த்தர். டொக்டர் வாயில அந்தக் கேள்வியை வெச்சவரும் அவர்தான். தாய்மாரே, பிள்ளைக்காக ஜெபியுங்க. ஜெபிச்சிட்டுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்க. ஒண்டையும் மறைக்காதீங்க. வெக்கமா இருந்தா என்னட்டச் சொல்லுங்க. நானும் கூட வாறன்.