பசு போன அடி

மாசிப் பனி எனக்குப் பிடிக்காது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அன்று விடிய எழுந்து போனால் பசு கட்டையில் இல்லை. கயிறு அறுந்து கிடந்தது. அதற்கு முதல் ஈற்று, இன்றோ நாளையோ என்று இருந்தது. காட்டுக்குள் போய் ஈன்றால் நரி கன்றை விட்டுவைக்காது.

கேள்விப்பட்டு அயலிலிருந்து மூன்று ஆம்பிளைகள் வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஆர் அக்கா கட்டினது?"

"ராத்திரி நாய் குலைக்கேல்லையோ?"

தேத்தண்ணீர் குடித்தார்கள். ஒருவராவது குனிந்து நிலத்தைப் பார்க்கவில்லை. சண்டைக்குப் பிறகு எங்கள் பக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான். இருந்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருந்து கதையுங்கோ. நான் மாட்டைப் பாக்கப் போறன்," என்றேன்.

மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு வந்தாள். என் கணவரின் தங்கை, மாங்குளத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அறுத்த வயலில் தாள்மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன் நடுவே ஒரு கறுத்த கோடு. மாடு உரசிப் பனி உதிர்ந்த வழி. வெயில் ஏறினால் அது அழிந்துவிடும்.

"உங்கடை மாடு உங்களை மாதிரித்தான் மச்சாள். கோவம் வந்தால் கயித்தை அறுத்துக்கொண்டு போயிடும்," என்றாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"வாயை மூடிக்கொண்டு நட."

அவள் மூடவில்லை. "விசாரிக்கிறதை இங்கிலீசிலை இன்வெஸ்டிகேட் எண்டு சொல்லுறாங்களே, அந்தச் சொல் எங்கையிருந்து வந்தது தெரியுமோ? லத்தீனிலை வெஸ்டிஜியம் எண்டால் காலடி. அடியைப் பாத்துக்கொண்டு பின்னாலை போறதுதான் அதின்ரை முதல் கருத்து."

"அப்ப ஏன் எல்லாரும் கதிரையிலை இருந்து கேக்கினம்?"

"அதைப் போய் அவையளிட்டைக் கேளுங்கோ."

அவள் சிரித்தாள். வானம் தெரியவில்லை, வரம்பும் தெரியவில்லை. அந்தக் கறுத்த கோடு மட்டும் எங்களுக்கு முன்னால் மெல்ல நீண்டு போனது. எங்கோ, பெயர் தெரியாத நாட்டில், எவரோ ஒருத்தி என்னைப் போலவே முதுகு வளைத்து மாட்டடி பார்த்து நடந்திருப்பாள் என்று நினைத்தேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. காலுக்குக் கீழே குளிர்ந்தது.

குளக்கட்டைத் தாண்டியதும் கோடு முடிந்தது. மணலில் பல மாடுகளின் அடிகள். குந்தியிருந்து பார்த்தேன். மடி கனத்த பசு பின்காலை அகட்டி வைக்கும். பின்னடி முன்னடிக்கு வெளியே விழும். அப்படி ஒரு அடிதான் பற்றைக்காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

பாலை மரத்தின் கீழ் பசு நின்றது. கன்று ஈரத்தோடு எழுந்து விழுந்து எழுந்தது. சுற்றிவர நரியின் அடி வட்டமாகக் கிடந்தது. அந்த அடிகளுக்கு மேலே, மண் கிளறுண்டு போகுமளவுக்குப் பசுவின் அடி. இரவு நடந்தது முழுவதும் அதில் கிடந்தது. மச்சாள் குனிந்து அந்த வட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தாள்.

கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, பசு பின்னால் வர, முற்றத்துக்கு வந்தோம். அவர்கள் இன்னும் கதிரையில்தான்.

"எங்கை அக்கா கிடந்தது? என்ன நடந்தது?"

"எழும்பிப் போய்ப் பாருங்கோ," என்றேன். "மண்ணிலை அடி இன்னும் கிடக்குது."