அஞ்சலிப் பேனரில் பெயர்கள்

கண்டிச் சந்தைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், திருவிழா, கடைத் திறப்பு என்று எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பேன் என்றாலும், எனக்குச் சோறு போடுவது மரணம்தான். நான் குடியிருக்கும் மஹய்யாவைப் பகுதியில் ஒருவர் கண்ணை மூடினால், வீதியில் வெள்ளைக் கொடி கட்டுவதற்கு முன்பே எனக்கு ஃபோன் வந்துவிடும். மேலே படம், நடுவில் கண்ணீர் அஞ்சலி, கீழே தெரு ஆட்களின் பெயர் வரிசை. அந்த வரிசைக்காக எங்கள் ஆட்கள் சண்டைகூடப் போடுவார்கள். பெயரை இரண்டாவது வரியில் போட்டதற்காக ஒரு வருடம் என் முகத்தைப் பார்க்காதவரும் உண்டு.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். என் மகளை மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர். ஒரு நாள் காலை குட்ஷெட் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவனை ஏற்றிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனார். கடைவீதியில் ஆட்டோ மெதுவானபோது மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டார்கள். குறி பின்னால் இருந்தவனுக்கு. முன்னால் இருந்த இவரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்.

மத்தியானச் செய்தியில் பாதாள உலகக் குழுவைச் சேர்ந்த இருவர் சுட்டுக்கொலை என்றார்கள். அவரையும் சேர்த்து இருவர் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிப்பட்ட செய்திகளைச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுப் பழகியவன்தான் நான். எந்த நாள் டிவியைப் போட்டாலும் எங்காவது ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு வெட்டு. கொழும்புப் பக்கம், தெற்குப் பக்கம் என்று தள்ளிவைத்துவிட்டு, அவனும் ஏதாவது செய்திருப்பான் என்று கையைக் கழுவிவிடுவோம்.

மறுநாள் காலை அவர் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அவர் அழவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, பேனர்ல தெரு ஆளுங்க பேரு முழுக்க வரணும். ஒருத்தரையும் விட்றாதீங்க. இத்தன பேரு நிக்கிறாங்கன்னா, அவரு அந்த மாதிரி ஆளு இல்லன்னு பாக்குறவங்களுக்கு வெளங்கும்ல?"

"நீ ஒன்னும் யோசிக்காத தங்கச்சி. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

கடைக்குப் போய் வழக்கம்போல யாரையும் கேட்காமலே பெயர்களைப் போட்டேன். கேட்டுப் போடும் பழக்கம் எங்களிடம் இல்லை. விட்டுப்போனால்தான் கோபம் வரும். அப்படியே தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு மாதிரியை அனுப்பினேன். முதல் ஃபோன் எதிர்வீட்டுக்காரரிடமிருந்து வந்தது.

"அண்ணே, நம்ம பேரு வேணாம்ணே. வயசுக்கு வந்த புள்ளைய வச்சிருக்கேன். பேரப் பாத்துட்டு சுட்டவனுங்க எவனாவது வீட்டுக்கு வந்தா?"

பக்கத்துக் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், நேரிலேயே வந்தார். "தம்பி, நல்ல மனுசன், எனக்குத் தெரியாதா? மரண வீட்டுக்கு நான் வாரன். பேர மட்டும் எடுத்துடுங்க."

அதன் பிறகு ஃபோன் ஓயவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய ஆட்டோவில் ஏறாத வீடு அந்தத் தெருவில் இல்லை. ஒவ்வொருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஃபோனை வைத்த பிறகு. திட்டிக்கொண்டே பெயர்களை அழித்தேன்.

பத்து மணிபோல, பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னை விசாரிக்க ஒரு பொலிஸ்காரர் கடைக்கு வந்தார். எங்கள் தெருவுக்குக் கொஞ்ச நாள் யாரையாவது நிறுத்த முடியுமா என்று கேட்டேன். நாடு பூராவும் இதே கதை, இருக்கிற ஆட்களை எங்கே என்று அனுப்புவது என்று சிங்களத்தில் சலித்துக்கொண்டார். பாவம், அவரும் தூங்கி நாளாகியிருக்கும் போலத் தெரிந்தது. அவர் போன பிறகு கதவைப் பாதி சாத்திவைத்தேன்.

மத்தியானத்துக்குள் என் பெயர் மட்டும்தான் மிஞ்சியது. அதை எடுக்க மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இருவர். பின்னால் இருந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, கணினியில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"இத எப்ப கட்டுவீங்க?"

"நாளைக்கு."

ஃபோனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். "நல்லாயிருக்கு" என்றான். போய்விட்டான்.

யாரென்று இன்றுவரை தெரியாது. இறந்தவரின் சிநேகிதனாகக்கூட இருக்கலாம். வண்டிச் சத்தம் மறைந்ததும் கணினியில் உட்கார்ந்தேன். என் பெயரை அழித்தேன். மூலையில் இருந்த கடைப் பெயரையும் நம்பரையும் அழித்தேன். எல்லாம் ஏற்கெனவே அவன் ஃபோனில் இருக்கிறது என்பதுகூட உறைக்கவில்லை. வரிகள் குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்கி இடத்தை நிரப்ப வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படித்த பாடம் அது. அன்று அது நினைவுக்கே வரவில்லை. அப்படியே அடித்துவிட்டேன்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் நானே கட்டினேன். படம், கண்ணீர் அஞ்சலி, அதற்குக் கீழே பாதிப் பேனர் வெறும் வெள்ளை. கட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. அவிழ்ப்பதற்குள் அவர் மனைவி வெளியே வந்துவிட்டார்.

"பேரெல்லாம் எங்கண்ணே?"

"இடம் பத்தல தங்கச்சி."

அவர் அந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு, முற்றத்தில் கதிரைகளில் உட்கார்ந்திருந்த தெரு ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"அப்ப நீங்களும் நியூஸ்ல சொன்னத நம்பிட்டீங்க" என்றார்.

இல்லை, பயந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.