‘மா’ நூலுக்கு மறுத்த கையெழுத்து

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை, அறிவினும் அரியது. அது வாய்க்கப்பெற்றவர் ஓர் அச்சகத்தின் பிழைதிருத்துநரான அம்மையார். இருபத்திரண்டு ஆண்டுகள், மாடிப்படிக்கு அடியிலிருந்த ஒடுங்கிய அறையில், பிறர் நூல்களில் சிவப்பு மையால் குறியிட்டு வந்தார். தம் பெயரும் ஒரு நூலில் அச்சேற வேண்டும் என்ற அவர் ஆசையைக் கணவரைத் தவிர யாரும் அறியார்.

அந்த ஆசைக்குத் தூண்டில் போட்டவர், தமக்குத் தாமே ‘வேர்ப்புலவர்’ என்று பட்டம் சூட்டிக்கொண்ட ஒருவர். உலகில் எங்கெங்கே ‘மா’ என்ற ஒலி கேட்கிறதோ, அங்கெல்லாம் பெருமையைக் குறிக்கும் நம் ‘மா’வே குடியேறியது என்று நானூறு பக்கம் எழுதிக் குவித்திருந்தார். ஹங்கேரிய மொழியில் ‘மா’ என்றால் இன்று. நாள்களில் பெரியது இன்றுதானாம். சீனத்தில் ஒலிக்கும் விதத்திற்கேற்பத் தாயும் ஆகும், குதிரையும் ஆகும். இரண்டும் சுமப்பதால் பெரியவையாம். முன்னோர் சொல்லைத் தெய்வமாகத் தொழுதனர். இவரோ அதற்கு மூக்கணாங்கயிறு பூட்டிச் சந்தைக்கு இழுத்துவந்தார்.

‘சொற்களைச் சரிபார்த்தவர்’ என்று முதல் பக்கத்தில் அம்மையாரின் பெயரைப் போடுவதாகவும், ஒப்புதல் தாளில் ஒரு கையெழுத்துப் போதும் என்றும் சொன்னார். பேருந்து ஓட்டுநரான கணவர் டிப்போ முழுவதும் தம்பட்டம் அடித்துவிட்டார்.

அம்மையாரோ பத்து மாலைகள் நூலகத்தில் அகராதிகளோடு அமர்ந்தார். இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. அது இலத்தீன் ‘மகிஸ்’ தேய்ந்து வந்த சொல். பிறவற்றிற்கு நம் ‘மா’வோடு உறவு காட்ட ஒரு வரியும் கிடைக்கவில்லை. அறுபது இடங்களில் ‘சான்று இல்லை’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

புலவர் தாளைப் புரட்டினார். “ஏம்மா, மகிஸ்னா என்ன அர்த்தம்?”

“‘இன்னும் அதிகமா’ன்னு போட்டிருக்குங்க.”

“அதிகம்னா பெரிசுதானே? அப்ப நம்ம சரக்குதான்.”

“வியட்நாம்காரங்க பேயை மான்னு சொல்றாங்களே, அது எப்படிங்க பெரிசு?”

“செத்துட்டா எல்லாரும் பெரிய மனுஷன்தாம்மா.” தம் நகைச்சுவைக்குத் தாமே குலுங்கினார். “நீ கமா, புள்ளி பாரு. ஆராய்ச்சியை எங்கிட்ட விடு.”

அச்சக முதலாளி குழைந்தார். “அக்கா, பேரு வருதில்ல? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்களேன்.”

“கண்ணைத் திறந்து வச்சுக்கத்தானே தம்பி எனக்கு இங்க வேலை?”

முதல் பக்கத்திலிருந்த தம் பெயரைத் தாமே சிவப்புக் கோட்டால் அடித்துக் கொடுத்தார். மறுநாளே அங்கே புலவரின் மைத்துனர் பெயர் ஏறியது. நூலும் வெளிவந்தது, அட்டையில் தலைப்பைவிடப் புலவரின் முகமே பெரிது.

“ஒரு கையெழுத்துல குடியா முழுகிடும்?” என்றார் கணவர்.

“நம்ம பொண்ணு அதைப் படிப்பா. அம்மா பேரு இருக்குன்னு அத்தனையும் நிஜம்னு நம்புவா.”

அவர் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு, “சரி, டிப்போல நான் சமாளிச்சுக்கறேன். கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றார்.

அந்த மனை தழைக்க. அங்கே உலை ஓயாதிருக்க. அவர்கள் மகள் நோயின்றி வளர்ந்து, நல்ல நூல்களையே கையில் ஏந்துவாளாக.