நோட்பூர்கா திரும்பச் சொன்ன இடம்

நோட்பூர்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. டிரோல் மலைகளில் வழிகாட்டியாக ஆட்களைக் கூட்டிப் போகத் தொடங்கி இது இருபத்தாறாவது வசந்தம். ஏப்ரல் கடைசி வந்தாலே அவளுக்கு அலுப்புத் தட்டிவிடும். வசந்தத்துப் பனியை அவள் நம்புவதில்லை. விடியற்காலை ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும், மதியத்துக்குள் கஞ்சியாகிவிடும்.

அன்று சனிக்கிழமை. ஐந்து மணிக்கு மலைக்குடிலை விட்டு வெளியே வந்து கைத்தடியைப் பனியில் ஊன்றினாள். பிடிவரைக்கும் இறங்கிற்று.

"ராத்திரி பூரா மேகம். உறையவே இல்ல," என்று காபியை நீட்டினான் குடிலை நடத்தும் ரோமெட். "போறியா?"

"போய்ப் பாக்கறேன். அந்தப் பல் டாக்டர் விடமாட்டார்."

பல் டாக்டர் கெர்னோட், லின்ஸ் ஊர்க்காரர். மனைவி இர்ம்கார்டுடன் வந்திருந்தார். இந்தச் சிகரத்துக்கு மூன்று வருடமாகத் திட்டம் போட்டவர், காலில் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியே அரை மணி நேரத்தைக் கரைத்தார்.

கடைசிச் சரிவின் அடியை எட்டும்போது ஒன்பதரை. வெயில் வந்துவிட்டது. மேலே பாறைகளிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் கோடு கிழித்துக்கொண்டு உருண்டு வந்தன. நோட்பூர்கா பனிச்சறுக்குப் பலகையைக் கழற்றி ஒரு கால் வைத்தாள். தொடைவரை புதைந்தது.

"இதோட திரும்பறோம். பனி இளகிடுச்சு, மொத்தமா பேர்ந்து வந்துடும்."

"என்னது? இன்னும் இருநூறு மீட்டர்தானே!" என்றார் கெர்னோட்.

"தெரியும்."

"அங்க பாருங்க, ரெண்டு பசங்க ஏறிட்டிருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!"

"இன்னும் ஆகல."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க, வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க. பனிமேல பழிய போடாதீங்க."

நோட்பூர்காவுக்குச் சுருக்கென்றது. மார்ச்சிலிருந்து வலது முழங்கால் வீங்கித்தான் இருக்கிறது. திரும்பச் சொன்னது பனியா, முழங்காலா? ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி தடியை ஊன்றினாள். பிடிவரைக்கும் போயிற்று.

இறங்கும்போது பனி நிரம்பிய ஓர் ஓடைப்பள்ளத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்.

"நான் அந்தப் பாறைகிட்ட போய்க் கை காட்டறேன். அப்புறம் ஒருத்தர் வாங்க. அவர் வந்து சேர்ந்தப்புறம்தான் அடுத்தவர். நடுவுல நிக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது."

மூவரும் கடந்தார்கள். ஒன்றும் அசையவில்லை.

மத்தியானம் அந்த இரண்டு பையன்களும் முகம் சிவந்து குடிலுக்குள் வந்தார்கள். "மேல சூப்பர்!" என்றான் ஒருவன். கெர்னோட் நோட்பூர்காவைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் சூப்பில் கிடந்த மாவு உருண்டையைக் கரண்டியால் வெட்டினாள். முப்பது வயதில் அவளும் இதே நேரத்தில் இதே மாதிரிச் சரிவுகளில் ஏறிவிட்டுச் சிரித்தபடி இறங்கியவள்தான். அப்போதெல்லாம் அதைத் திறமை என்று நினைத்திருந்தாள்.

அன்றிரவு வானம் தெளிந்து பனி உறைந்துவிட்டது. விடியுமுன் நோட்பூர்கா தடியை ஊன்றியபோது டங்கென்று எகிறியது. போய் டாக்டர் தம்பதியின் கதவைத் தட்டினாள்.

"நான் வரல. வேணும்னா நீ போ," என்று உள்ளே கெர்னோட் மனைவியிடம் சொல்வது கேட்டது.

பூட்ஸைக் கையில் பிடித்தபடி இர்ம்கார்ட் மட்டும் வந்தாள். வழுக்காமலிருக்கப் பலகைக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு இருவரும் ஏறினார்கள்.

"நேத்து நின்ன இடம் இதுவா?"

"இதேதான்."

ஏழேகாலுக்குச் சிகரத்தில் நின்றார்கள். இர்ம்கார்ட் கொஞ்ச நேரம் அழுதாள். பனி இளகுவதற்குள், எட்டரைக்கெல்லாம் குடிலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"அவர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள் இர்ம்கார்ட்.

"காபி சூடா இருக்குன்னு சொல்லுங்க."

அந்தச் சரிவில் பனி அன்றும் பேர்ந்து விழவில்லை. அந்த வாரம் முழுக்கவே விழவில்லை. தான் சொன்னது சரிதான் என்று காட்ட நோட்பூர்காவிடம் ஒன்றும் இல்லை. வாரக் கடைசியில் குடில் பெஞ்சில் காலை நீட்டி, துணியில் பனியைச் சுற்றி முழங்காலில் வைத்துக் கட்டினாள்.

"அடுத்த ஆளுங்க எப்போ?" என்றான் ரோமெட்.

"நாளைக்கு. அஞ்சு பேர்."

"அதுல டாக்டர் உண்டா?"

"வக்கீல்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.