சுவரில் ஒரு சுண்டுவிரல்

சூரமங்கலம் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில், காவி நிறத்தில் ஒரு குழந்தையின் கை பதிந்திருக்கிறது. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்த கை.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. என் பெற்றோர் பண்ணையத்தில் கூலிவேலை செய்தார்கள். அதனால் வகுப்பில் என் இடம் வாசற்படிக்கு வெளியே. புதிதாக வந்த டீச்சரின் அப்பா வெள்ளைக்கார ரயில் டிரைவர். அம்மா ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். அப்படிக் கலந்து பிறந்ததால் ஊரார் அவரைச் சட்டைக்காரி என்றார்கள். வந்த அன்றே என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அன்று சோறே இறங்கவில்லை.

"நீங்க வெள்ளக்காரிங்களா, நம்மாளுங்களா?" என்று பிள்ளைகள் ஒருநாள் கேட்டுவிட்டார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில், காவியில் தோய்த்த தன் கையை டீச்சர் பதித்தார். "இதான் நான். நீங்களும் வைங்க. ஒருத்தர் கை மாதிரி இன்னொருத்தர் கை இருக்கான்னு பாப்போம்." அன்று முழுக்க அதுதான் பாடம்.

மறுநாளே பண்ணாடி வந்துவிட்டார். என் பெற்றோர் உழைத்த நிலம் அவருடையது. அவர் மகளும் என் வகுப்புதான். "என்ற புள்ள கைக்குப் பக்கத்துல அந்தக் கூலிக்காரப் புள்ள கையா? அழிச்சுப்போட்டு அவள வெளிய உக்கார வைங்க!"

டீச்சர் அசரவில்லை. "எது அவ கைன்னு காட்டுங்க, உக்கார வெக்கறேன்."

பண்ணாடி சுவரைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். பிறகு மகளிடம், "உன்ற கை எது சாமி?" என்றார். அவள் நேராகப் போய், சுவரில் நான் பதித்திருந்த கையைத் தொட்டாள்.

"சுண்டுவெரலு வளைஞ்சிருக்குதே?"

"வெக்கறப்ப மடங்கிப் போச்சுங்கப்பா."

அதை மட்டும் விட்டுவிட்டு, துண்டை நனைத்து மற்ற எல்லாக் கைகளையும் அவரே தேய்த்து அழித்தார், தன் மகளின் கை உட்பட. "எதுன்னு நீங்க காட்டவே இல்லீங்களே" என்றார் டீச்சர். பண்ணாடி துண்டைப் பிழிந்துகொண்டே படியிறங்கினார். நான் உள்ளேயே இருந்தேன். அவர் தலை மறைந்ததும் வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது அவர் வந்து நின்று, "அந்தக் கை மேல சுண்ணாம்பு படாம அடிங்கப்பா" என்பார்.

வெள்ளைக்காரர் போய்ப் பதினைந்து வருஷமாகிவிட்டது; இன்று அதே வகுப்பில் நான்தான் டீச்சர். போன வாரம் பண்ணாடியின் பேத்தி கேட்டாள்: "இது எங்கம்மா கைங்களா டீச்சர்?"

"வா சாமி" என்று என் கையை அந்தக் கைமேல் வைத்துக் காட்டினேன். அவள் என் வளைந்த சுண்டுவிரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பொங்கலுக்குக் கரைத்து வைத்திருந்த காவிச் சிரட்டையில் கையை முக்கி, என் கைக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தாள்.